சரிபார்த்தவர்: ப. செலின்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்க கால் பக்கமா நகத்திக்கவா? கோவிச்சுக்காதீங்கம்மா. உள்ள சுவர்க் கடிகாரம் இருக்கு, கண்ணாடி. பிரிவுபசார விழாவுல குடுத்தாங்க. வேலைய விட்டுப் போறவளுக்குக் கடிகாரத்தைக் குடுக்குறாங்க பாருங்க, இனிமே மணி பாத்து நான் எந்த ஆபீசுக்கு ஓடப் போறேன்? பொன்னாடை ரெண்டு, சந்தன மாலை ஒண்ணு, அப்புறம் இது. ஆமா, இன்னிக்குத்தான். நேரா அங்கேருந்துதான் வர்றேன். குளித்தலையில இறங்கணும். நீங்க கரூரா? நல்லதாப் போச்சு. தூங்கறதா இருந்தா சொல்லிடுங்க, தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனா இன்னிக்கு வாய மூடிக்கிட்டு வந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு.

என் பேரு மங்கையர்க்கரசி. முழுப்பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க. செலின் மட்டும் அரசியக்கான்னு கூப்பிடுவா. செலின் யாருன்னு சொல்றேன். அவளைப் பத்தித்தான் இன்னிக்குப் பேச்சே.

திருச்சியில பார்வையில்லாதவங்களுக்குன்னு ஒரு நூலகம் இருக்கு, ஒரு பாதிரியார் ஆரம்பிச்சது. சும்மா புஸ்தகம் வாங்கி அடுக்கி வச்சிருக்கிற நூலகம்னு நினைக்காதீங்க. நாங்களே புஸ்தகம் போடுவோம். பிரெயில். புள்ளி புள்ளியா எழும்பி இருக்கும், விரலால தடவிப் படிப்பாங்க. அதுல நான் பதிப்பாசிரியர். முப்பது வருஷத்துக்கு மேல. தமிழ் எம்.ஏ. படிச்சுட்டு, கல்யாணம் ஆன கையோட அங்க சேந்தவ, இன்னிக்குத்தான் வெளிய வர்றேன். வீட்டுக்காரரு போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு. பையன் கத்தார்ல. அப்ப எனக்குன்னு யாரு இருக்கா சொல்லுங்க? செலின்தான். அவ மூணு மாசமா எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

அவ எங்க மெய்ப்பு பாக்கறவ. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனா அந்த விரலு இருக்கே, அடேயப்பா! ஒரு புள்ளி கம்மியா இருந்தா நின்னுரும். வேலை எப்படின்னா, முதல்ல நான் அச்சுப் புஸ்தகத்தைப் படிச்சு, எதைப் போடணும், எதை விடணும்னு பென்சில்ல குறிச்சுக் குடுப்பேன். விடணும்னா, விட்டுத்தான் ஆகணும்மா. நீங்க கையில வச்சுப் படிக்கிற ஒரு நாவல் பிரெயில்ல வந்தா நாலு வால்யூம் ஆயிடும், ஒவ்வொண்ணும் தலகாணி தண்டி. அதனால கொஞ்சம் சுருக்கிக்கலாம்னு நூலகத்தை ஆரம்பிச்ச பெரிய ஃபாதரே அனுமதி குடுத்திருந்தாரு. நான் குறிச்சுக் குடுத்தபடி அடிச்சு, முதல் படி எடுத்ததும் நானும் செலினும் உக்காருவோம். நான் அச்சுப் புஸ்தகத்தைச் சத்தமா வாசிப்பேன். அவ விரலை ஓட்டிக்கிட்டே வருவா. நான் வாசிக்கிறதும் அவ விரலுக்குத் தட்டுப்படறதும் ஒண்ணா இருந்தா சரி. இல்லேன்னா 'நில்லுங்கக்கா'ம்பா.

அப்படியே ரெண்டு பேரும் ஒரே மேஜையில, ஒரே ஃபேனுக்குக் கீழ, ஒரே டிபன் பாக்ஸ்ல. அவ கொண்டு வர்ற கருவாட்டை நான் தொட மாட்டேன், நான் கொண்டு போற கத்திரிக்கா கொழம்பை அவ மிச்சம் வைக்க மாட்டா.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வால்யூம் கடைசிப் பக்கத்துலயும் 'மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்: ப. செலின்'னு ஒரு வரி இருக்கும். என் பேரு எங்கயும் வராது. பெரிய ஃபாதர் போட்ட சட்டம் அது. படிக்கிறவங்க நம்பணும்னா அவங்கள்ல ஒருத்தர் பேருதான் இருக்கணும்னாரு. நான் அதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. மாங்கு மாங்குன்னு உழைச்சவ நான், பேரு அவளுக்கு. இருந்துட்டுப் போகட்டும், என் தங்கச்சி மாதிரிதானேன்னு இருந்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா இப்ப எம்மேல பழி வந்ததே இந்த வரியாலதான்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி, குளித்தலை. முதல்லயே குடுத்தியே.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், விடறது. பாருங்கம்மா, நம்ம கதைகள்ல, நாவல்கள்ல, பார்வையில்லாதவங்கள எப்படி எழுதறாங்க? ஒண்ணு பிச்சை எடுக்க விடுவாங்க. இல்ல, கிணத்துல விழ விடுவாங்க. திட்டணும்னா 'குருட்டுக் கழுதை'ம்பாங்க. கண்ணு தெரிஞ்சவங்க அதைத் தாண்டிப் போயிடுவோம். பார்வையில்லாதவங்க பள்ளிக்கூட ஹாஸ்டல்ல ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு, அம்மா அப்பாவ விட்டுட்டு வந்து உக்காந்து, ஆசை ஆசையாப் புஸ்தகத்தைத் தடவிக்கிட்டே வருது. திடீர்னு விரலுக்குக் கீழ அந்த வார்த்தை வந்தா எப்படி இருக்கும்? அது மனசு என்ன பாடுபடும்? எனக்கு ஆறவே ஆறாது. நான் எடுத்துருவேன். முதல்ல வார்த்தையை எடுத்தேன். அப்புறம் வரியை. அப்புறம் சில இடத்துல பக்கத்தை.

சில இடத்துல எடுத்துட்டா கதை பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிடும்ல? அங்க நானே ரெண்டு வரி எழுதிச் சேத்துருவேன். மூலத்துல கண்டபடி இருக்கிறதை விட என் வரி நல்லாவே இருக்கும், சும்மா சொல்லக் கூடாது. பூகோளப் பாடப் புஸ்தகத்துல வெள்ளம் வந்த படம் போட்டிருந்தாங்க, மாடெல்லாம் செத்து மிதக்குது. நான் படக்குறிப்புல 'எங்கு பார்த்தாலும் நீர்'னு மட்டும் எழுதினேன். பொய்யா அது? நீர் இருந்துச்சு.

செலின்கிட்டயா? அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? அச்சுப் புஸ்தகத்தைச் சத்தமா வாசிக்கிறது நான்தானே. பென்சில் குறி போட்ட இடம் வந்தா தாண்டிருவேன். நான் எழுதிச் சேத்த இடம் வந்தா, அச்சுல இருக்கிற மாதிரியே வாசிச்சுருவேன். கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துச் செய்வேன், ஒரு தடவை கூடத் தடுமாறினது இல்ல. அவளும் சந்தோஷமா 'சரியா இருக்குக்கா'ம்பா. அவகிட்டச் சொன்னா அவளுக்கும் அந்த வார்த்தைகளைச் சொல்லித்தானே ஆகணும்? அவளைக் காப்பாத்தத்தான்ம்மா நான் சொல்லல.

இப்படி நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நான் ரிட்டையர் ஆக மூணு மாசம் இருக்கறப்ப வந்து சேந்தா ஒருத்தி. தேன்மொழின்னு பேரு. எங்க புஸ்தகங்களைப் படிச்சு வளர்ந்த பொண்ணு, இப்ப புதுக்கோட்டை பக்கம் காலேஜ்ல டீச்சரா இருக்கா. அவ ஹாஸ்டல்ல இருந்தப்ப ஒரு நாவல் அவளுக்கு உசுராம். அண்ணன் தங்கச்சி கதை. தங்கச்சிக்குப் பார்வை கிடையாது. கடைசியில அண்ணன் அவளுக்கு நல்ல இடமாப் பாத்துக் கட்டி வைப்பான், அவ வாசல்ல நின்னு மழைச் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பா. அது நான் எழுதினதும்மா, அந்த மழை. மூலத்துல அண்ணன் பொண்டாட்டி அவளை வாய்க்கு வந்தபடி பேசி வெளிய தள்ளுவா, அந்தப் பொண்ணு ஆத்துல இறங்கிரும். அதை எப்படிப் போடறது நீங்களே சொல்லுங்க?

இப்பத்தான் போனே புஸ்தகத்தைப் படிச்சுக் காட்டுதே. தேன்மொழி அந்த நாவலோட அச்சுப் பிரதியைத் தேடிப் பிடிச்சு, போன்ல ஏத்திக் கேட்டிருக்கா. கேட்டவ கிளம்பி நேரா நூலகத்துக்கே வந்துட்டா. அலமாரியிலேருந்து எங்க புஸ்தகத்தோட கடைசி வால்யூமை எடுத்துட்டு வரச் சொல்லி, செலின் முன்னாடி வச்சு, பக்கத்துல போனையும் வச்சா. 'நீங்கதானே சரிபார்த்தது? உங்க பேருதானே இருக்கு? இப்ப இன்னொரு தடவை பாருங்க மேடம்'னா. குரல்ல மரியாதை இருந்துச்சு, ஆனா நடுங்குச்சு.

நான் காபி டம்ளரோட நின்னுக்கிட்டு இருக்கேன். போன் படிக்க ஆரம்பிச்சுது. உப்பு சப்பு இல்லாத குரல். செலின் விரல் ஓடுது. ஓடுது, ஓடுது. அந்த அண்ணன் பொண்டாட்டி வாயைத் திறக்கிற இடம் வந்துச்சு. விரல் நின்னு போச்சு. போன் பாட்டுக்குப் படிக்குது, அது நிறுத்துமா? எல்லாத்தையும் படிக்குது, அந்தத் திட்டு, அந்த ஆறு, எல்லாத்தையும். இவ விரல் அதே இடத்துல நிக்குது. நகத்தவும் இல்ல, எடுக்கவும் இல்ல.

போன் ஓஞ்சதும் செலின் சொன்னா, 'அக்கா, இதை நீங்க எனக்கு வாசிச்சீங்களா?'

நான் சொன்னேன், 'வால்யூம் பெருசாப் போகும்னு சுருக்கினோம்ல செலின், அதுல விட்டிருக்கும்'னு.

'சுருக்கினீங்க சரி. மழை எங்கேருந்து வந்துச்சு?'

நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டா. அந்தத் தேன்மொழி ஒண்ணும் சண்டை போடல. அழுதா. 'மேடம், எனக்குக் கல்யாணம் கூடி வரலேன்னதும் என் தப்புன்னு நினைச்சேன். கதையில எல்லாருக்கும் கூடி வந்துச்சே, எனக்கு மட்டும் ஏன் வரலேன்னு. அப்படி ஒருத்தி ஆத்துல இறங்கினா, அதை ஒருத்தர் எழுதி வச்சிருக்காருன்னு தெரிஞ்சிருந்தா, நான் தனியா இல்லேன்னாவது தெரிஞ்சிருக்கும்'னா. இது என்ன பேச்சும்மா? ஆத்துல இறங்கறதைப் படிச்சு யாருக்காவது ஆறுதல் வருமா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

அன்னியிலேருந்து செலின் எங்கிட்ட வேலைப் பேச்சு மட்டும்தான். சாப்பாட்டுக்கு வர மாட்டா. சாப்பாட்டு நேரத்துல என்ன செஞ்சா தெரியுமா? அலமாரியிலேருந்து ஒவ்வொரு வால்யூமா எடுத்துட்டு வந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவ பேரைத் தேடி, புள்ளிகளை ஒவ்வொண்ணா அமுக்கி அழிச்சா. கட்டைவிரல் நகத்தால. புள்ளியை அமுக்கினா காகிதம் சமமாயிடும், படிக்க முடியாது. எத்தனை புஸ்தகம், எத்தனை வால்யூம்! உக்காந்து அழிச்சுக்கிட்டே இருக்கா. நகம் ஓரம் பேந்து, பிளாஸ்திரி போட்டுக்கிட்டு அழிக்கிறா. நான் எதிர்ல உக்காந்து தனியாத் தின்னுக்கிட்டு இதைப் பாக்கணும். சோறு இறங்குமா?

நூலகச் சொத்தைச் சேதப்படுத்தறாளேன்னு இப்ப இருக்கிற டைரக்டர் ஃபாதர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் வயசுல சின்னவர், 'அது அவங்க பேருங்கம்மா'ன்னுட்டு ஃபைலைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்ப எனக்கு யாரு பேசறது? நான் என்ன என் பேருக்கு ஆசைப்பட்டேனா? காசு பண்ணினேனா? புள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சது ஒரு குத்தமா?

ஒரு நாள் பொறுக்க மாட்டாமக் கேட்டுட்டேன். 'ஏண்டி, நான் உனக்கு என்னடி துரோகம் பண்ணினேன்?'னு. அவ அழிக்கிறதை நிறுத்தல. 'என் வாயால பொய் சொல்ல வச்சுட்டீங்கக்கா. எங்க ஆளுங்களுக்கு நானே பொய் சொல்லியிருக்கேன். அவங்க என்னை நம்பித்தானே படிச்சாங்க'ன்னா. அவ்வளவுதான். கத்தியிருந்தா கூடத் தேவலாம். அவ கத்த மாட்டா, அதுதான் அவகிட்ட இருக்கிற கஷ்டம்.

முக்கொம்பு தாண்டியாச்சா? சரி சரி.

இன்னிக்கு விழா. காலையிலேருந்து எனக்கு ஒரே நினைப்பு, அவ வருவாளா மாட்டாளான்னு. மூணு மாசமா ராப்பகலா அதே நினைப்புத்தான். கடிகாரம் யாருக்கு வேணும்? அவ வந்து அக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன். இல்லேன்னா இந்த வயசுல நான் யாரைத் தேடிப் போவேன்? வீட்டுல சுவரோட பேசறதா?

வந்தா. கடைசி வரிசையில, ஃபேன் இல்லாத பக்கம் உக்காந்தா. ஃபாதர் என்னைப் பத்திப் பேசினாரு. 'அர்ப்பணிப்பு', 'அளப்பரிய சேவை' அது இதுன்னு, எல்லாருக்கும் பேசறதுதான். தேன்மொழி விஷயத்துல அவரும் வாயத் திறக்கல. மைக்கைச் செலின்கிட்டக் கொண்டு போனாங்க. அவ வேணாம்னு தலையாட்டிட்டா. அத்தனை பேரு முன்னாடி. நான் மாலையும் கழுத்துமா உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கேன், உள்ளுக்குள்ள கூனிக் குறுகிப் போச்சு.

அப்புறம் கேசரி, மிக்சர், காபி. எல்லாரும் கலைஞ்சாச்சு. நாற்காலிய அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் பையை எடுத்துக்கிட்டு நிமிர்றேன், அவ பக்கத்துல வந்து நிக்கிறா. கையை நீட்டி என் தோள்ல பொன்னாடையைத் தொட்டுப் பாத்தா. 'ஜரிகை நிறைய இருக்கு போல'ன்னா. ஐயோ, எனக்கு உசுரு வந்துச்சு! மூணு மாசத்துக்கு அப்புறம் அவளாப் பேசறா. 'ஆமாண்டி, சிவப்பு கலருல'ன்னேன்.

'உக்காருங்கக்கா. ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்'னா.

ரெண்டு பேரும் உக்காந்தோம்.

'லால்குடியிலேருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?'

இது எங்கேருந்து வந்துச்சு! இருபத்தஞ்சு வருஷம் இருக்கும்மா அது. அவளுக்கு அம்மா இல்ல, அண்ணன் மட்டும்தான். லூர்துசாமின்னு ஒருத்தர், ரைஸ் மில்லுல கணக்கு எழுதறவரு, நல்லா பார்வை உள்ள ஆளு. கோயில் பூசையில செலின் பைபிள் வாசகம் வாசிச்சதைக் கேட்டு, பொண்ணு கேட்டு அம்மாவோட வந்துட்டாரு. பொண்ணு பாக்கறதுன்னா ரெண்டு பேரும் பாக்கணும்ல? இவ எப்படிப் பாப்பா? 'அரசியக்கா, நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க, எனக்குப் பதிலா நீங்க பாருங்க'ன்னா. நான் உக்காந்தேன். அவ தட்டை நீட்டினா, காபி குடுத்தா, அந்தாளு ரெண்டு வார்த்தை பேசினாரு, அவங்க அம்மா நாலு வார்த்தை பேசினாங்க. அவங்க வெளிய போய் நின்னதும் அவ என் பக்கம் திரும்பினா. அவ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். 'வேணாம் செலின். உன்னைப் பாத்து அந்தாளு முகத்துல சிரிப்பே இல்ல. அம்மா இழுத்துட்டு வந்திருக்கா போல.' அவ அண்ணனைக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் வேற இடம் எதுவும் அமையல.

இப்ப அதைக் கேக்கறா. 'அக்கா, எல்லாப் புஸ்தகத்தையும் விட்டுடறேன். என் பேரையும் விட்டுடறேன். இது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது அவர் முகமா, இல்ல அதுவும் நீங்க எழுதினதா? அவர் சிரிச்சாரா, சிரிக்கலயா?'

சிரிச்சாரும்மா. மறைக்கறதுக்கு என்ன இருக்கு உங்ககிட்ட? இவ தட்டை நீட்டினப்ப, தட்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தானே நகந்து உக்காந்து எடுத்துக்கிட்டு, அவளைப் பாத்து முகம் மலர்ந்து போய்ச் சிரிச்சாரு. அது நிஜந்தான். ஆனா சிரிப்பு எத்தனை நாளைக்கு இருக்கும்? ஒரு வருஷம்? ரெண்டு வருஷம்? அப்புறம் மாமியார்க்காரி, அடுப்படி, புள்ளை குட்டி. இவ அங்க போயி என்ன பாடுபடுவா? அந்த வருஷம்தான் பள்ளிக்கூடப் பாடப் புஸ்தகம் மொத்தமும் எங்களுக்கு வந்திருந்துச்சு. அவ லால்குடிக்குப் போயிட்டா நான் யாரோட உக்காந்து அதை முடிக்கிறது? அந்த மாதிரி விரல் வேற யாருக்கு இருக்கு? எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொன்னேன். அவ நல்லதுக்குத்தான்.

அந்தாளைப் பிற்பாடு ஒரு தடவை காந்தி மார்க்கெட்ல பாத்தேன். பொண்டாட்டி கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தம்மாவுக்கு ஒரு கால் இழுக்கும். ரெண்டு புள்ளைங்க. காய்கறிப் பை அவர் தோள்ல. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். செலின்கிட்ட அதைச் சொல்லல. அதுக்கென்ன இப்ப, ஒருத்திக்கு நல்லவரா இருந்தா எல்லாருக்கும் நல்லவரா இருப்பாருன்னு ஆயிடுமா?

சரி. கேட்டுட்டா. என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டா. அந்த விரல் என் நாடி மேல இருக்கு, நகம் பேந்து போன கட்டைவிரல். அவளுக்கு அம்பத்து மூணு வயசும்மா. இப்ப போயி 'சிரிச்சாருடி'ன்னு சொன்னா அவ என்ன செய்வா? அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டு எங்க போவா? ராத்திரியெல்லாம் உக்காந்து அதையே நினைச்சுக்கிட்டு இருக்கறதுக்கா? இதைச் சொல்லிட்டா எங்கிட்ட அவ ஜென்மத்துக்கும் வர மாட்டா, அது வேற விஷயம். நான் அதுக்காக யோசிக்கல. அவளுக்காகத்தான் யோசிச்சேன். சரி, எனக்காகவும் கொஞ்சம் யோசிச்சேன். இல்லேன்னு சொல்லல.

'சிரிக்கல செலின்'னேன். 'சத்தியமா?'ன்னா. 'சத்தியமா'ன்னேன்.

அவ மூச்சை இழுத்து விட்டா பாருங்க, உடம்பு மொத்தமும் தளந்து போச்சு. அப்படியே என் தோள்ல தலைய வச்சுட்டா. 'மூணு மாசமாத் தூக்கமே இல்லக்கா. புஸ்தகத்துக்காக இல்ல. இதை நினைச்சுத்தான். நல்ல மனுஷனை நானே வேணாம்னு சொல்லிட்டேனோ, நீங்க அதுலயும் எதையாவது மாத்திட்டீங்களோன்னு நினைச்சு நினைச்சு… உங்களைப் போய் அப்படி நினைச்சுட்டேனே, மன்னிச்சிருங்கக்கா'ன்னா. எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறா! அழுகை வேற. பொன்னாடையெல்லாம் ஈரம்.

வாசல் வரைக்கும் என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டே வந்தா, முன்ன மாதிரியே. 'ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் குளித்தலைக்கு வர்றேன், கத்திரிக்கா கொழம்பு வைங்க'ன்னா. ஆட்டோவுல ஏத்தி விட்டேன். திரும்பி என் சத்தம் வந்த பக்கமாப் பாத்துக் கையாட்டினா. சிரிச்ச முகமா இருந்துச்சு. எனக்கு வேற என்னம்மா வேணும்? இதுக்குத்தானே மூணு மாசமாத் தவங்கிடந்தேன். சந்தோஷமா இருக்கணும்ல நான்?

ஆனா பஸ்ஸு ஏறினதுலேருந்து அடிவயிறு கலங்கிக்கிட்டே இருக்கு. கேசரி ஒத்துக்கலயோன்னு பாத்தேன், ஒரு வாய்தான் சாப்பிட்டேன். அது இல்ல. எத்தனை புஸ்தகத்துல எவ்வளவு மாத்தியிருப்பேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்ல.

கொஞ்சம் ஜன்னலைத் திறங்கம்மா, காத்து வரட்டும். அப்பல்லாம் அவ எதையும் கேட்டதே இல்லம்மா. நானாத்தான் முந்திக்கிட்டுச் சொல்லிருவேன். அந்தப் பொண்ணு பாத்த அன்னிக்குக் கூட அவ கேக்கல. அவ வாயத் திறந்து, என் கையப் பிடிச்சு, உண்மையச் சொல்லுங்கக்கான்னு கேட்டு நான் இல்லாததைச் சொன்னது, இன்னிக்குத்தான் முதல் தடவை.